அக்ரிங்டன் 93, லூட்டன் 88

எங்க ஹாஸ்டல் விங்ல ‘வெல்கம் டு ரெக்ஸம்’ சீரிஸ் பார்க்காத ஆளே கிடையாது. இங்கிலாந்து ஃபுட்பால்னா ஆர்சனல், லிவர்பூல், ரெண்டு மான்செஸ்டர்னு மட்டும் தெரிஞ்சவனுக்குக்கூட இப்போ ஐந்தாவது டிவிஷன்ல கோல் அடிச்ச பால் மல்லின் பேர் தெரியும். அதைப் பார்த்து முடிச்ச கையோட என் ரூம்மேட் ஒரு தியரியை இறக்கினான். "மச்சி, இதுல கதையே இல்லடா. ரெண்டு ஹாலிவுட் ஆளுங்க காசு போட்டாங்க. சம்பளம் ஏறிச்சு, டீமும் ஏறிச்சு. எல்லா கிளப்போட சம்பள பட்ஜெட்டையும் கொடு, பாயிண்ட்ஸ் டேபிளை நான் இப்பவே எழுதித் தரேன்."

ஆறு மாசமா மெஸ் க்யூவுல நின்னு நின்னு இந்தச் சண்டை போட்டாச்சு. அங்க ரெண்டு நிமிஷத்துக்கு மேல யாரும் பேச விடமாட்டாங்க. அதனால இங்க முழுசா எழுதறேன்.

முதல்ல அவன் பக்கம் இருக்கிற நியாயம். அது நிறையவே இருக்கு.

சைமன் கூப்பர்னு ஒரு பத்திரிகையாளர், ஸ்டீஃபன் ஷிமான்ஸ்கினு ஒரு பொருளாதாரப் பேராசிரியர், ரெண்டு பேரும் சேர்ந்து 2009-இல் எழுதின புத்தகம் ‘சாக்கர்னாமிக்ஸ்’. அதுல 1978 முதல் 1997 வரை 40 இங்கிலிஷ் கிளப்களை எடுத்துப் பார்த்தாங்க. ஒரு கிளப் லீக்ல எந்த இடத்துல முடிக்குதுங்கிற வித்தியாசத்துல 92 சதவீதத்தைச் சம்பளச் செலவு விளக்கிடுது. ஆட்களை வாங்கக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் காசு விளக்கினது வெறும் 16 சதவீதம். நம்ம லேப்ல ஆர்-ஸ்கொயர் 0.92 வந்தா ரீடிங்கைத் திருத்தி எழுதிட்டானோன்னு சார் சந்தேகப்படுவார். அவ்வளவு பெரிய நம்பர்.

காரணமும் புரியற மாதிரிதான் இருக்கு. டிரான்ஸ்ஃபர் தொகைங்கிறது பழைய கிளப்புக்குப் போற காசு. சம்பளம்தான் அந்த வீரரோட இன்னைக்கு ரேட். அதுவும் கீழ் லீக்ல டிரான்ஸ்ஃபர் தொகையே பெரும்பாலும் கிடையாது. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கான்ட்ராக்ட். மே மாசம் வந்தா ஒவ்வொரு கிளப்பும் யாரை வெச்சுக்கறோம், யாரை அனுப்பறோம்னு ஒரு லிஸ்ட் போடும். அந்த லிஸ்ட்ல வெளிய வந்தவங்க எல்லாரும் சும்மாவே கிடைப்பாங்க, யார் அதிகச் சம்பளம் தராங்களோ அங்க போவாங்க. வருஷா வருஷம் மொத்த மார்க்கெட்டும் புதுசா விலை போடப்படுது. இப்படி ஒரு இடத்துல சம்பளத்துக்கும் திறமைக்கும் பொருத்தம் இருக்கத்தானே செய்யும்?

(இதே லாஜிக்கை வெச்சுத்தான் பிளேஸ்மென்ட் முடிஞ்சதும் பேக்கேஜைப் பார்த்து ஆளை எடை போடறோம். அது எவ்வளவு சரின்னு பைனல் இயர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க. சரி, ஃபுட்பாலுக்கு வரேன்.)

ரெக்ஸம் கணக்கும் அவனுக்குத்தான் சாதகம். 2022-23 சீசன்ல நேஷனல் லீக்ல, அதாவது ஐந்தாவது டிவிஷன்ல, அந்த கிளப் சம்பளத்துக்குச் செலவு பண்ணது 69 லட்சம் பவுண்ட். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, நாலாவது டிவிஷனான லீக் டூவுல ஒரு கிளப் வீரர்களுக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்சம்னு போடப் பார்த்த உச்சவரம்பு 15 லட்சம் பவுண்ட். ரெக்ஸம் நம்பர்ல வீரர்கள் மட்டுமில்ல, எல்லா ஸ்டாஃபும் அடக்கம்தான். ஆனா அதைக் கழிச்சாலும் ஒரு டிவிஷன் கீழ இருந்துக்கிட்டு எவ்வளவு தூரம் ஓடியிருக்காங்கன்னு பாருங்க. அந்த வருஷம் 111 பாயிண்ட். அடுத்தடுத்து மூணு சீசன்ல மூணு ப்ரொமோஷன், 2025-இல் சாம்பியன்ஷிப். இங்கிலாந்தின் முதல் ஐந்து டிவிஷன்ல அதுக்கு முன்னாடி யாரும் இப்படி அடுத்தடுத்து மூணு தடவை ஏறினதில்ல.

இவ்வளவு எழுதினதும் ரூம்மேட் பின்னாடி நின்னு படிச்சுட்டு, "அப்புறம் என்னடா, முடிச்சுடு"ன்னான்.

முடிக்க முடியாது. ஏன்னா 2017-18 லீக் டூ டேபிள்னு ஒண்ணு இருக்கு.

அந்த சீசன்ல சாம்பியன் அக்ரிங்டன் ஸ்டான்லி, 93 பாயிண்ட். ரெண்டாவது லூட்டன் டவுன், 88. ஆறாவது இடத்துல 75 பாயிண்டோட கோவென்ட்ரி சிட்டி. அக்ரிங்டன் வடக்கு இங்கிலாந்துல ஒரு சின்ன பழைய மில் டவுன், சுமார் 35,000 பேர். கிரவுண்டுல ஐயாயிரத்துச் சொச்சம் பேர்தான் கொள்ளும், வர்றது ரெண்டாயிரம் பேர். கோவென்ட்ரி அப்போ ஆடிக்கிட்டு இருந்த ஸ்டேடியத்துல 32,000 சீட். எண்பதுகளோட கடைசியில வந்த ஒரு பால் விளம்பரத்துல அக்ரிங்டன் ஸ்டான்லிங்கிற பேரே ஒரு ஜோக். பழைய கிளப் காசில்லாம 1962-இல் லீக்கை விட்டே விலகினது. இப்ப இருக்கிறது 1968-இல் புதுசா ஆரம்பிச்சது. திரும்ப லீக்குக்குள்ள வர 2006 ஆச்சு.

ஓனர் ஆண்டி ஹோல்ட், பிளாஸ்டிக் சாமான் தயாரிக்கிற கம்பெனி நடத்தறவர், 2015-இல் கிளப்பை எடுத்தார். அவர் எவ்வளவு கையைக் கட்டிக்கிட்டுச் செலவு பண்ணாருங்கிறதுக்கு ஒரு கதை போதும். 2017-இல் ஜெயிச்சா சாப்பிடுங்கன்னு டீமுக்கு பர்கர் வாங்கக் காசு கொடுத்திருக்கார். அது பதிவு பண்ணாத போனஸ், விதிமீறல்னு லீக் விசாரணைக்கு வந்துடுச்சு. பர்கருக்கு!

மேனேஜர் ஜான் கோல்மன். இடையில ரெண்டு வருஷத்துக்கு மேல விட்டுட்டு, 1999-லேர்ந்து 2024 வரைக்கும் அந்த கிளப்புக்கு அவர்தான். பிராந்திய லீக்ல இருந்த டீமைக் கையில எடுத்து, படிப்படியா மேல கொண்டு வந்தவர். அந்த சாம்பியன் டீம்ல 25 கோல் அடிச்ச பில்லி கீ, பக்கத்துல கேடன் ஜாக்சன், ரெண்டு பேருமே பெரிய சம்பளத்துக்கு வந்தவங்க இல்ல. அந்த வருஷம் லீக் டூவுல சம்பளம் குறைவா கொடுக்கிற கிளப்கள் வரிசையில அக்ரிங்டனும் ஒண்ணு. ஆனா 24 டீம்ல முதலிடம், அதுவும் அஞ்சு பாயிண்ட் வித்தியாசத்துல.

அப்போ தியரி தப்பா? நானும் அப்படித்தான் குதிச்சேன். ஆனா கதை அங்க முடியல.

2023 மே 27. வெம்ப்ளி. பிரீமியர் லீக்ல கடைசி ஒரு இடத்துக்கான பிளே-ஆஃப் ஃபைனல். ஆடினது லூட்டன், கோவென்ட்ரி. ஆமா, அதே ரெண்டு கிளப். அஞ்சு வருஷம் முன்னாடி அக்ரிங்டனுக்குக் கீழ முடிச்ச ரெண்டு பேரும் பிரீமியர் லீக் வாசல்ல நிக்கறாங்க. லூட்டன் பெனால்ட்டியில ஜெயிச்சு உள்ள போயிடுச்சு. அக்ரிங்டன்? அதே மாசம் லீக் ஒன்ல 23-ஆவதா முடிச்சு, திரும்ப லீக் டூவுக்கு இறங்கிடுச்சு.

இந்த ஒரு படத்துல எல்லாமே இருக்குன்னு நான் நினைக்கறேன். ஒரு சீசனைப் பார்த்தா காசு தோத்துது. அஞ்சு சீசனைப் பார்த்தா காசு வந்து கணக்கைத் தீர்த்துடுச்சு. ‘சாக்கர்னாமிக்ஸ்’ல வர்ற அந்த 92 சதவீதமும் இருபது வருஷ டேட்டாவுல வந்ததுதான். பல வருஷத்தைச் சேர்த்துச் சராசரி எடுத்தா அதிர்ஷ்டம், காயம், ரெஃப்ரி, மழை எல்லாம் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டுக் காணாமப் போயிடும். மிச்சம் நிக்கறது காசு. அந்த நம்பரை வெச்சுக்கிட்டு "அடுத்த மே மாசம் யார் ஏறுவாங்க"ன்னு சொல்லப் போனா வழுக்கி விழுவோம்.

எவ்வளவு வழுக்கும்னு ஒரு கணக்கு போடலாம், ப்ராபபிலிட்டி பேப்பர்ல பாஸ் ஆன யாரும் போடலாம். ஒரு சுமாரான டீம். ஜெயிக்க 40 சதவீதம், டிராவுக்கு 25, தோக்க 35. ஜெயிச்சா 3 பாயிண்ட், டிராவுக்கு 1. ஒரு மேட்ச்சுக்குச் சராசரி 1.45, ஸ்டாண்டர்டு டீவியேஷன் கிட்டத்தட்ட 1.32. சீசனுக்கு 46 மேட்ச். மொத்தம் எதிர்பார்க்கிறது 67 பாயிண்ட். டீவியேஷன் 1.32-ஐ 46-இன் வர்க்கமூலத்தால பெருக்கினா 9 பாயிண்ட். அதாவது அதே டீம், அதே சம்பளம், அதே மேனேஜர். எதுவுமே மாறாம அதிர்ஷ்டம் மட்டும் ஆடினாலே மூணுல ரெண்டு வருஷம் 58-க்கும் 76-க்கும் நடுவுல எங்கேயாவது முடிப்பாங்க, மூணுல ஒரு வருஷம் அதுக்கும் வெளியே. 2017-18 லீக் டூவுல 76 எடுத்தா பிளே-ஆஃப். 58 எடுத்தா பதினைஞ்சாவது இடத்துப் பக்கம். ஒரே டீம் மேனேஜருக்கு ஒரு வருஷம் சிலை, ஒரு வருஷம் சீட்டுக் கிழிப்பு.

பிரீமியர் லீக்ல இந்த 9 பாயிண்ட் சத்தம் பெருசா தெரியாது, ஏன்னா அங்க மேல இருக்கிறவனுக்கும் கீழ இருக்கிறவனுக்கும் சம்பளத்துல மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். லீக் டூவுல பெரும்பாலான கிளப்கள் ஒருத்தருக்கொருத்தர் ஒட்டி நிக்கறாங்க. எக்ஸ்-ஆக்சிஸ்ல புள்ளிகளையெல்லாம் நெருக்கி வெச்சா கோரிலேஷன் தானா குறையும். மொத்த 92 கிளப்பையும் ஒரே கிராஃப்ல போட்டா அழகான நேர்கோடு. நாலாவது டிவிஷனை மட்டும் ஜூம் பண்ணா கொசுக் கூட்டம். ரூம்மேட் பார்க்கிறது முதல் கிராஃப், நான் பேசறது ரெண்டாவது.

இன்னொரு சிக்கல், எனக்கு ரொம்பப் பிடிச்ச சிக்கல். கீழ் லீக்ல சம்பள டேட்டாவே ஒழுங்கா கிடையாது. பிரிட்டன்ல கம்பெனிகள் வருஷக் கணக்கை அரசாங்கத்துகிட்ட தாக்கல் பண்ணணும், யார் வேணும்னாலும் இலவசமா இறக்கிப் பார்க்கலாம். ஆனா சின்னக் கம்பெனிகளுக்குச் சலுகை உண்டு, சுருக்கமான கணக்கு கொடுத்தா போதும். லீக் டூவுல நிறைய கிளப் அந்தச் சலுகையில ஒளிஞ்சுக்கும். சம்பளம்ங்கிற வரியே இருக்காது. அப்போ "எங்க பட்ஜெட்தான் லீக்லயே கம்மி"ன்னு பேட்டியில சொல்றது யார்? மேனேஜர்கள். அவங்க பேச்சைக் கேட்டா 24 டீம்ல ஒரு பதினைஞ்சு டீமாவது கடைசி அஞ்சுல இருக்கும்.

இது தவிர லோன். பெரிய கிளப்போட பத்தொன்பது வயசுப் பையன் ஒரு சீசனுக்கு இங்க வந்து ஆடுவான், அவன் சம்பளத்துல பெரும்பங்கை பெரிய கிளப்பே கட்டும். ஆடறது உங்க டீமுக்கு, செலவு அவங்க புக்ல. சம்பளத்துக்கும் இடத்துக்கும் கிராஃப் போடறவன் இந்தப் பையனை எந்தப் பக்கம் வைப்பான்?

சரி, காசு இருந்தும் தேறாதவங்களைப் பார்ப்போம். சால்ஃபர்ட் சிட்டி. 2014-இல் கிக்ஸ், ஸ்கோல்ஸ், பட், நெவில் பிரதர்ஸ்னு மான்செஸ்டர் யுனைடெட் பழைய ஆட்கள் வாங்கினாங்க, பின்னாடி பெக்கமும் சேர்ந்தார். அஞ்சு சீசன்ல நாலு ப்ரொமோஷன். 2018-இல் ஸ்காட்லாந்தோட அபர்டீன்லேர்ந்து ஆடம் ரூனின்னு ஒரு ஸ்ட்ரைக்கரை ஐந்தாவது டிவிஷனுக்கு இறக்கினாங்க, வாரத்துக்கு 4,000 பவுண்ட்னு பேச்சு. அக்ரிங்டன் ஹோல்ட் ட்விட்டர்ல பொங்கிட்டார். கேரி நெவிலுக்கும் அவருக்கும் நேரடிச் சண்டையே நடந்துது. 2019-இல் சால்ஃபர்ட் லீக் டூவுக்கு வந்தாச்சு. அதுக்கப்புறம்? 2024-25 முடிய ஆறு சீசன், அதே லீக் டூ. பிளே-ஆஃப்ல ஒரே தடவை, அதுவும் செமிஃபைனலோட சரி. எல்லாரும் பகுதி நேரமா ஆடுற இடத்துல முழு நேர டீம் வெச்சா காசு சுத்தியல் மாதிரி வேலை செய்யும். எல்லாரும் முழு நேரமா ஆடுற இடத்துல அதே காசு சின்ன ஸ்பானர்தான்.

ரெக்ஸமே முதல் முழு சீசன்ல, 2021-22-இல், தேறல. ஸ்டாக்போர்ட்டுக்குப் பின்னாடி ரெண்டாவது. பிளே-ஆஃப் செமிஃபைனல்ல சொந்த கிரவுண்டுலயே ஆறாவதா வந்த கிரிம்ஸ்பிகிட்ட 5-4. அதே மாசம் வெம்ப்ளியில எஃப்.ஏ. டிராஃபி ஃபைனல்ல ப்ராம்லிகிட்ட 1-0. அடுத்த வருஷம் 111 பாயிண்ட் எடுத்தாங்கன்னு சொன்னேன்ல, ரெண்டாவது வந்த நாட்ஸ் கவுண்டி 107! அந்த லீக்ல ஒரே ஒரு டீம்தான் நேரா மேல போகும். ரெண்டு டீமும் மோதின ஏப்ரல் மேட்ச்ல 3-2-னு இருக்கும்போது கடைசி நிமிஷப் பெனால்ட்டி, பென் ஃபாஸ்டர் பிடிச்சார். யூடியூப் சேனல் நடத்திக்கிட்டு ரிட்டயர்டா இருந்த மனுஷன், கொஞ்ச வாரம் முன்னாடி கூப்பிட்டு வந்திருந்தாங்க. அது கோல் ஆகியிருந்தா? கணக்குப்படி ரெக்ஸம் 109, நாட்ஸ் 108. அப்பவும் ரெக்ஸம்தான், ஆனா ஒரே பாயிண்ட்ல. 69 லட்சம் பவுண்ட் வாங்கிக் கொடுத்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

அதோட ரெக்ஸம் விஷயத்துல எது காரணம், எது விளைவுன்னு பிரிக்கறதே கஷ்டம். அடுத்த வருஷம் அவங்க வருமானம் 267 லட்சம் பவுண்ட். நாலாவது டிவிஷன்ல! சீரிஸ் ஓடுது, ஸ்பான்சர் வராங்க, சம்பளம் ஏறுது, டீம் ஜெயிக்குது, அடுத்த சீசன் சீரிஸ் இன்னும் ஓடுது. இது ஃபீட்பேக் லூப். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்ச யாராவது இதுல இன்புட் எது, அவுட்புட் எதுன்னு நேரா ஒரு அம்புக்குறி போட்டுக் காட்டட்டும்.

நான் உண்மையிலேயே கவலைப்படற இடம் இனிமேதான். "சம்பளம் போட்டா ஜெயிக்கலாம்"ங்கிறது சரியா தப்பாங்கிறதைவிட, அதை 24 ஓனர்களும் ஒரே நேரத்துல நம்பினா என்ன ஆகும்? லீக் டூவுல மேல போறது நாலு டீம், கீழ போறது ரெண்டு. எல்லாரும் சம்பளத்தை 20 சதவீதம் ஏத்தினாலும் நாலுதான், எல்லாரும் பாதியாக்கினாலும் நாலுதான். டேபிள் அப்படியே இருக்கும், நஷ்டம் மட்டும் ஏறும். ரயில் கவுண்டர்ல எல்லாரும் எக்கி நின்னா யாருக்கும் முன்னால தெரியாது, கால் வலிக்கறதுதான் மிச்சம்.

கால் வலியோட போனா பரவாயில்ல. கிரெட்னானு ஸ்காட்லாந்துல ஒரு ஊர், சுமார் 3,000 பேர். ப்ரூக்ஸ் மைல்சன்னு ஒரு தொழிலதிபர் காசு ஊத்தினார். 2005, 2006, 2007, வருஷத்துக்கு ஒரு ப்ரொமோஷன். 2006-இல் ஸ்காட்டிஷ் கப் ஃபைனல் வரைக்கும் போய் பெனால்ட்டியில தோத்தாங்க. பிரீமியர் லீக் அந்தஸ்துக்கு வந்தா ஊர்ல அதுக்கேத்த கிரவுண்ட் இல்ல, வேற ஊர்ல மதர்வெல் கிரவுண்டுல போய் ‘ஹோம்’ மேட்ச் ஆடினாங்க. மைல்சனுக்கு உடம்பு முடியாமப் போச்சு. காசு நின்னுது. 2008 கோடையில கிளப்பே இல்ல. ஊர்ல யாரும் தப்பு பண்ணல. ஒரு மனுஷரோட உடல்நிலைதான் அந்த கிளப்போட அஸ்திவாரம், அவ்வளவுதான்.

பெரி இன்னும் மோசம். 1885-இல் ஆரம்பிச்ச கிளப், 1894-லேர்ந்து லீக்ல. எஃப்.ஏ. கப் ரெண்டு தடவை, அதுல 1903 ஃபைனல் 6-0. கையில இல்லாத காசை வெச்சு டீம் கட்டினாங்க. 2018 டிசம்பர்ல கிளப் கைமாறின விலை ஒரு பவுண்ட். 2018-19 சீசன் கடைசியில வீரர்களுக்குச் சம்பளமே வரல. வராத சம்பளத்தோட ஆடின அந்த டீம் லீக் டூவுல ரெண்டாவது வந்து ப்ரொமோஷன் வாங்கிச்சு! ரூம்மேட்டோட தியரிப்படி அது வெற்றி. 2019 ஆகஸ்ட் 27 அன்னைக்கு லீக்லேர்ந்தே நீக்கிட்டாங்க. ஏறின டிவிஷன்ல ஒரு மேட்ச்கூட ஆடல. 125 வருஷம். டிக்கெட் கவுண்டர்ல இருந்தவங்க, புல்லு பராமரிச்சவங்க, யூத் டீம் பசங்க, எல்லாரும் அந்த வாரத்தோட வெளியே. 2023-24-இல்தான் அதே கிக் லேன் மைதானத்துக்கு கிளப் திரும்புச்சு, ஒன்பதாவது டிவிஷன்ல.

இதுக்கு எதிர்ப் பக்கம் எக்ஸிட்டர் சிட்டி. 2003-லேர்ந்து ரசிகர்கள் ட்ரஸ்ட் கையில இருக்கு. 2021-22 லீக் டூவுல எக்ஸிட்டரும் ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸும் ஆளுக்கு 84 பாயிண்ட், கோல் வித்தியாசத்துல ஃபாரஸ்ட் கிரீன் சாம்பியன். ரெண்டும் லீக் ஒன்னுக்குப் போச்சு. ஃபாரஸ்ட் கிரீன் சுமார் ஆறாயிரம் பேர் இருக்கிற ஊர், டேல் வின்ஸ்னு ஒரு பணக்காரர் பின்னாடி. மேனேஜர் ராப் எட்வர்ட்ஸ் அந்தக் கோடையிலேயே கிளம்பிட்டார், வாட்ஃபர்ட் போய், அங்க வேலை போய், நவம்பர்ல லூட்டன் வந்தார். மேல சொன்ன வெம்ப்ளி ஃபைனல்ல லூட்டனை ஏத்தினது அவர்தான். ஃபாரஸ்ட் கிரீன் லீக் ஒன்ல கடைசி இடம், அடுத்த வருஷம் லீக் டூவுலயும் கடைசி இடம், அதோட லீக்குக்கு வெளியே. ஓனரோட காசு எங்கேயும் போகல. போனது மேனேஜர்.

எக்ஸிட்டர் 2024-25 முடிய லீக் ஒன்லயே இருந்துது. அவங்க பட்ஜெட்டுக்குப் பெரிய பலம் யூத் அகாடமி. ஆலி வாட்கின்ஸ் அங்க வளர்ந்தவர். 2017-இல் ப்ரென்ட்ஃபர்டுக்கு வித்தப்போ, நீங்க திரும்ப வித்தா எங்களுக்குப் பங்குன்னு எழுதி வாங்கிக்கிட்டாங்க. 2020-இல் ஆஸ்டன் வில்லா அவரைப் பெரிய தொகைக்கு வாங்கினதும் எக்ஸிட்டர் கணக்குல காசு விழுந்துது. சம்பளப் பட்டியல்ல எங்கேயும் தெரியாத ஒரு வரி அது. அந்தக் காசு சம்பளமா மாறுறதுக்குப் பத்து வருஷம் முன்னாடி ஒரு பையனுக்கு யாரோ பொறுமையா பந்து தட்டக் கத்துக் கொடுத்திருக்காங்க.

உச்சவரம்பு போட்டா தீருமா? போட்டுப் பார்த்தாங்க. 2020 ஆகஸ்ட்ல கிளப்களே ஓட்டுப் போட்டு லீக் ஒன்னுக்கு 25 லட்சம், லீக் டூவுக்கு 15 லட்சம் பவுண்ட்னு வரம்பு வெச்சாங்க. வீரர்கள் சங்கம் எதிர்த்துப் போச்சு. 2021 பிப்ரவரியில நடுவர் குழு அதை ரத்து பண்ணிடுச்சு. எனக்கு இதுல ரெண்டு மனசு. கிளப் சாகக்கூடாதுங்கிறது சரி. ஆனா அதுக்கான பில்லை, ஒரு வருஷக் கான்ட்ராக்ட்ல முப்பத்தஞ்சு வயசுல தூக்கி எறியப்படப்போற ஆள் தலையில மட்டும் எழுதறது நியாயமில்ல. அதுக்கப்புறம் திரும்ப வந்த பழைய விதி, வருமானத்துல இத்தனை சதவீதம்தான் சம்பளம்ங்கிறது. கேட்க நல்லாதான் இருக்கு. ஆனா ஓனர் திருப்பிக் கேட்காம போடுற காசும் அதுல வருமானமாத்தான் கணக்கு. கிரெட்னா மாதிரிக் கதையை அது தடுக்காது. 2025 ஜூலையில பிரிட்டன் சட்டமே போட்டு ஃபுட்பாலுக்குத் தனி ரெகுலேட்டர் கொண்டு வந்திருக்காங்க. கிளப் நடத்த லைசென்ஸ், பணத் திட்டம் காட்டணும். என் ஓட்டு இதுக்குத்தான். எவ்வளவு செலவு பண்றேங்கிறதைவிட, நாளைக்கு ஓனர் போயிட்டா கிளப் நிக்குமாங்கிற கேள்வியை முதல்ல கேட்கறது இதுதான்.

இதைப் படிச்ச ரூம்மேட் கடைசியா ஒண்ணு கேட்டான்: "நீயே சொல்லிட்ட, அஞ்சு வருஷத்துல அக்ரிங்டன் கீழ வந்துடுச்சுன்னு. அப்போ நான் சொன்னதுதானே?" நீண்ட கால ஆட்டத்துல அவன் சொல்றதுதான் சரி, ஒத்துக்கறேன். ஆனா அந்த அஞ்சு வருஷத்துல அக்ரிங்டன், வரலாற்றிலேயே முதல் தடவையா மூணாவது டிவிஷன்ல ஆடிச்சு, ஒரு வருஷம் பதினொண்ணாவது இடம். டியான் சார்ல்ஸை போல்டனுக்கும் கோல்பி பிஷப்பை போர்ட்ஸ்மத்துக்கும் வித்துச்சு. பிஷப் அங்க வர்றதுக்கு முன்னாடி பகுதி நேரமா ஃபுட்பால் ஆடிக்கிட்டு ஸ்கூல்ல பி.டி. சாரா இருந்தவர். கிளப்பும் பிழைச்சிருக்கு, கதவும் திறந்திருக்கு. மேல போன லூட்டனும் பிரீமியர் லீக்ல 26 பாயிண்டோட இறங்கி, அடுத்த வருஷமே லீக் ஒன்னுக்கும் இறங்கிடுச்சு, அந்தக் கடைசி இறக்கம் சாம்பியன்ஷிப்ல மத்த பெரும்பாலானவங்களைவிடக் காசு அதிகமா இருந்தப்போ நடந்தது.

சண்டை முடியல. அவன் இப்ப டேட்டா கேட்கறான். லீக் டூ கிளப்களோட வருஷக் கணக்கை ஒவ்வொண்ணா இறக்கி ஷீட்ல போட ஆரம்பிச்சிருக்கேன். சம்பளம்ங்கிற காலம்ல பாதிக்குப் பாதி காலியாவே கிடக்கு, ஊழியர் எண்ணிக்கையை வெச்சு மதிப்பிட முடியுமான்னு பார்க்கணும். மினி ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடுற தேர்ட் இயர் யாராவது இருந்தா சொல்லுங்க, ஷீட்டை ஷேர் பண்றேன்.